தண்ணி காட்டுதல்

வெள்ளிக்கிழமை விடியுமுன்
திருமங்கலம் ஆட்டுச்சந்தை வாசலில்
உருப்படிக்கு முப்பது ரூபாய் என்று
சீட்டுக் கிழிப்பவன் நான்.
உள்ளே போகும் ஆட்டுக்கு மஞ்சள் சீட்டு.
வெளியே போகும் ஆட்டுக்கு ரோஸ்.
நடுவில் நடப்பதற்குச் சீட்டு இல்லை.

நடுவில் நடப்பது துண்டுக்கடியில்.
தரகர் பெத்தணன் கை, வியாபாரி கை,
இரண்டையும் மூடி ஒரு ஈரிழைத் துண்டு.
விரலைப் பிடித்தால் ஆயிரம், கணுவைத் தொட்டால் நூறு.
வாய்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

தபாலில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன்,
இரண்டு பேப்பர் பாக்கி.
‘விலை என்பது சந்தையில் எல்லார் காதிலும் விழும் செய்தி’
என்று எழுதிப் பன்னிரண்டு மார்க் வாங்கியவன்.
இங்கே அந்தச் செய்திக்கு முக்காடு.

சிந்துபட்டி விருமாயி கிடாயோடு வந்தாள்.
“வித்துட்டுத் தாரேன்யா சீட்டுக் காச.”
கிடாயின் வயிறு இருபுறமும் பிதுங்கிக் குடமாய் இருந்தது.
நாலு மணிக்கே உப்பும் தவிடும் கரைத்துத்
தண்ணி காட்டியிருக்கிறாள்.
எல்லாரும் காட்டுகிறார்கள்.
வாங்குகிறவனுக்கும் தெரியும்,
மூன்று படித் தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான்
விரலைப் பிடிப்பான்.

போன ஆடியில் கள்ளிக்குடி ஞானதுரை
ஒட்டிய வயிற்றோடு எட்டு ஆடு ஓட்டிவந்தார்.
“சத்தியமா சொட்டுத் தண்ணி காட்டல.”
சிரித்தார்கள்.
அவருக்கும் தண்ணீரைக் கழித்தே கேட்டார்கள்,
ஆடுகள் குடிக்காத தண்ணீரை.
மறுவாரம் அவர் ஆடுகளும்
நடக்கையில் குலுங்கின.

எடைமேடை ஒன்று உண்டு, அரசாங்கம் போட்டது.
“தண்ணியையும் சேத்துல்ல நிறுக்கும்” என்கிறான் வாங்குகிறவன்.
விற்கிறவனுக்கோ
கண்மதிப்பில் ஒரு கணுவாவது கூடாதா என்று நப்பாசை.
அதன்மேல் நாய் படுத்திருக்கிறது,
முள் பதினாலில் நிற்கிறது.

கிடாய்க்குப் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள்.
விருமாயிக்கு,
அவள் செல்போனில் மணி பார்ப்பதைப் பார்த்தார்கள்.
பத்து மணிக்குக் குழுக்கடன் தவணை.
ஏழாயிரத்து இருநூறு.

துண்டுக்கடியில் தெரியாது என்று நினைக்கிறார்கள்.
மூன்று வருஷமாய் இங்கே நிற்கிறேன்,
தோள்பட்டை அசைவதை வைத்தே
எனக்கு விரல் தெரியும்.
புளியமரத்தடியில் அதே கிடாய் எட்டாயிரத்து நூறு.
டீக்கடைக்குப் பின்னால் ஒன்பதாயிரத்து நானூறு,
நெல்பேட்டை அபுதாகிருக்கு.
முப்பதடி தூரம், நாற்பது நிமிஷம்.
இடையில் அது இரண்டுதரம் மூத்திரம் பெய்தது.
தண்ணீர் இறங்க இறங்க விலை ஏறியது.

விருமாயி கைக்குக் காசு வர ஒன்பதரை.
அவள் கிடாயை விற்ற காசில்தான்
அவளுக்கே காசு.

பாடம் பொய் என்று சொல்லவும் வரவில்லை.
பதினோரு மணிக்கெல்லாம் மைதானம் துடைத்தாற்போல் இருக்கும்.
புழுக்கை கிடக்கும், ஒரு குட்டி மிஞ்சியிருக்காது.
எவன் உத்தரவும் இல்லாமல்
மதுரையின் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புச்சட்டிகளுக்கு
கறி அளவாய்ப் போய்ச் சேர்ந்துவிடும்.
கையைப் பிடித்தார்களே ஒழிய
யார் கையையும் முறுக்கவில்லை.
அவளும்தான் தண்ணி காட்டினாள்.
இப்படியெல்லாம் எழுதினால்
இந்தத் தடவை பாஸாகிவிடலாம்.

ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டியபடி கேட்டாள்:
“ஏய்யா, எங் கிடாய் கடேசியா
என்னத்துக்குப் போச்சு?”

கிழித்த ரோஸ் சீட்டின் அடிக்கட்டை
என் கையில்தான் இருந்தது.
வாசல் குத்தகை பெத்தணன் மச்சினனுடையது.

“கவனிக்கலையே அத்தை” என்றேன்.

பல் பார்க்கிற மாதிரி
கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள்.
பிறகு மீதி இருபதை
விரலால் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்து,
ஒற்றைத் தாள்தானா என்று பார்த்து
முடிந்துகொண்டாள்.